கடை ஃப்ரீசரில் இன்சுலின்

தீவு ஊரான ஹட் பேயில் கடல் கொஞ்சம் முறைத்துக்கொண்டால் போதும், போர்ட் பிளேர் கப்பல் நின்றுவிடும். அதனால்தான் கர்ப்பிணி மனைவி ஷாஹிதாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த இன்சுலினை ஜாஹிர் மொத்தமாக வாங்கி வந்தான். கடைக்காரன் புத்தி; சரக்கு தீரவும் கூடாது, கெடவும் கூடாது. வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கரண்டை நம்ப முடியாது. கடையில் ஐஸ்கிரீம் வைக்கும் ஃப்ரீசருக்கோ ஜெனரேட்டர் இருந்தது. மருந்தை அதில் போட்டான். தீரத் தீர ஒவ்வொரு பாட்டிலாகச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

ஷாஹிதாவுக்கு இப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போனது. அப்போது அவளுக்குச் சர்க்கரை இருந்ததை யாரும் பார்க்கவில்லை. இந்தத் தடவை பார்த்துவிட்டார்கள். சர்க்கரையை இறக்கினால் பிள்ளைக்கு நல்லது என்றார் டாக்டர். அவளும் அளந்து சாப்பிட்டாள், தவறாமல் ஊசி போட்டுக்கொண்டாள். சர்க்கரை இறங்குவேனா என்றது.

"ஒளிச்சுத் திங்கிறியா?" என்றான் ஜாஹிர்.

போர்ட் பிளேரில் லம்பா லைன் பகுதியில் இருந்த மாமியார் ஜைனப்பும் போனில் அதையே பிடித்துக்கொண்டாள். "நாக்கக் கட்டு புள்ள. போன தடவ தின்னுதான் தொலச்ச."

ஷாஹிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே பயமும். தூக்கத்தில் எழுந்துபோய்த் தின்கிறோமோ என்றுகூட ஒருநாள் யோசித்தாள்.

அடுத்த சோதனைக்கு ஜாஹிரும் ஆஸ்பத்திரிக்கு வந்தான், புகார் சொல்ல. நர்ஸ் விஜயகுமாரி அவனை முழுக்கப் பேசவிட்டு, "மருந்த எங்க வைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"கடை ஃப்ரீசர்ல, சிஸ்டர். ஏக்தம் சேஃப். கல்லு மாதிரி இருக்கு."

"உறைஞ்சுபோனா அத நம்ப முடியாதுங்க. உருகினாலும் வேலைக்காகாது. எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க."

ஜாஹிர் கடைக்குப் போய் எல்லா பாட்டிலையும் தூக்கிப் போட்டான். புது மருந்து ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. கொஞ்ச நாளில் சர்க்கரை இறங்கியது. அடுத்த தடவை பார்த்தபோது பிள்ளையின் இதயத் துடிப்பும் நன்றாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஜாஹிர் போர்ட் பிளேருக்குப் போன் போட்டான். "உம்மா, மருந்து சரியில்லாம இருந்திருக்கு. மாத்திட்டாங்க. இப்ப சரியாயிடுச்சு."

ஷாஹிதா கை நீட்டிப் போனை வாங்கினாள்.

"மாமி, மருந்து நல்ல மருந்துதான். ஐஸ்ல போட்டுக் கெடுத்தது உங்க மகன். நான் ஒண்ணும் ஒளிச்சுத் திங்கல."

அவள் போனைத் திருப்பித் தரவில்லை.

"போன தடவையும் திங்கல, மாமி."