தாடிக்கார ஜாடி

டாமரிஸ் ஜாடியை மறுபடி நிரப்பிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கணவன் ஆம்ப்ரோஸைப் புதைத்துவிட்டு வந்த ஆண்கள், மண்வெட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெர்மன் தேசத்து ஜாடி அது. கல்லாய் இறுகச் சுட்ட பழுப்பு மண். கழுத்தில் ஒரு தாடிக்காரன் முகம். பிரிஸ்டலிலிருந்து வர்ஜீனியாவுக்குக் கப்பலேறியபோது ஆம்ப்ரோஸ் அதை மடியிலேயே வைத்திருந்தான். காய்ச்சலில் கிடந்த கடைசி நாளிலும் அதில்தான் ஆப்பிள் மது கேட்டான். உதடு நனைந்ததும், பக்கத்து நிலத்து ஹம்ப்ரியிடம் ஜாடியை நீட்டினான்.

"இனிமே இது உன்னோடது. இவளையும் பாத்துக்கோ."

அவள் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றிருந்தாள்.

இப்போது ஜாடி கைமாறிக்கொண்டிருந்தது. சரக்கு ஏற்றியாகிவிட்டது, காலையில் கிளம்புகிறோம் என்றார் ஆற்றில் நின்ற புகையிலைக் கப்பலின் தலைவர். டாமரிஸ் கேட்டேவிட்டாள்.

"எனக்கு ஒரு எடம் கெடைக்குமாய்யா? பிரிஸ்டல்ல எங்கக்கா இருக்கா."

ஹம்ப்ரி முந்திக்கொண்டான். "கொட்டகையில தொங்குற புகையிலைய யாரு எறக்குறது? செத்தவன் எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கான்ல."

கப்பல் தலைவர் ஜாடியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷமும் அவருக்கு இவர்களிடம்தான் சரக்கு வேண்டும்.

ஹம்ப்ரி ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஜாடியை அவளிடம் நீட்டினான்.

"குடிடி," என்றாள் துக்கத்துக்கு வந்திருந்த அடுத்த பண்ணை டார்கஸ். "அவன் வாய் வெச்சதுல நீயும் வெச்சா பாதிக் கல்யாணம் முடிஞ்சாப்ல. எனக்கும் அப்படித்தான் ஆச்சு. மொதப் புருஷன் குழி காயறதுக்குள்ள."

எல்லோரும் சிரித்தார்கள்.

"தாகமில்ல," என்றாள் டாமரிஸ்.

"நாளைக்கு எடுக்கும்." ஹம்ப்ரியின் குரலில் கோபமே இல்லை.

எல்லோரும் போனார்கள். ஹம்ப்ரி மட்டும் போகவில்லை. கோடரியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான்.

டாமரிஸ் உள்ளே மேசையருகே உட்கார்ந்தாள். விறகு பிளக்கும் சத்தம் நின்றது. பிளந்த கட்டைகளை அவன் சுவரோரம், வீட்டின் ஒரே ஜன்னலை ஒட்டி அடுக்க ஆரம்பித்தான். முதலில் ஆறு மறைந்தது. பிறகு அக்கரை மரங்கள். மேலே விரற்கடை வானம் மிஞ்சியிருந்தபோது அவன் குரல் கேட்டது.

"குளிருக்குப் போதுமா, இன்னும் அடுக்கட்டுமா?"