வெயில் ஏறுவதற்குள்

வண்டி முகப்பில் அடிபட்டுச் செத்த பூச்சியை வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். இது அயூப்பின் சட்டம். மே மாத வெயில் ஒரு மணி நேரம் பட்டால் போதும், பூச்சி பெயிண்டோடு பெயிண்டாக வெந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வரும். பழைய பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுவதுபோல் பானெட்டிலும் கண்ணாடியிலும் போட்டு, கால் மணி ஊறவிட்டு, பழைய பனியனால் மெதுவாக வழித்தெடுக்க வேண்டும். பதினோரு வருஷமாக அயூப் அதைத்தான் செய்தான். கடைசியில் அதுவே அவன் கழுத்தை அறுத்தது.

வண்டி அசரியா ஐயாவுடையது. கிழக்குத் தாம்பரத்தில் மாடி வீடு, கிரீம் கலர் அம்பாசிடர், ரிடையர்டு இன்ஜினியர், சர்ச் கமிட்டி மெம்பர். பெட்ரோல் விலை ஏறினதிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை. வண்டியில் ஏறும்போது ஒருதரம், இறங்கும்போது ஒருதரம் அயூப்பின் தோளுக்கு மேலே எட்டி மீட்டரைப் பார்த்து டைரியில் குறித்துக்கொள்வார். அப்படியும் கட்டுப்படியாகவில்லை, வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். அதற்காக அயூப்பின் வயிற்றில் அடிக்க மாட்டேன் என்றார். கிண்டியில் ஒரு கம்பெனியில் டிரைவர் எடுக்கிறார்கள், பெர்மனென்ட் வேலை, மேனேஜர் தெரிந்தவர், நன்னடத்தை லெட்டர் தருகிறேன் என்றார். சொன்னபடி டைப் அடித்தும் வைத்தார். பதினோரு வருஷம் நாணயமாக இருந்தவன் என்று இங்கிலீஷில் போட்டிருப்பதாகப் படித்துக் காட்டினார். கையெழுத்து மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் போடுகிறேன், செவ்வாய்க்கிழமை இன்டர்வியூவுக்கு எடுத்துக்கொண்டு போ என்றார். அந்த லெட்டர் இல்லாதவனை கம்பெனி கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்களாம்.

பல்லாவரத்தில் அயூப்பின் பெண்டாட்டி குல்ஷன் அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். நாற்பது வயது புருஷனுக்கு இனிமேல் எவன் புதுசாக வேலை கொடுப்பான் என்று பயந்து கிடந்தவள் அவள். சொல்லாமல் என்ன செய்வாள்?

அது எழுபத்து நாலாம் வருஷம், ரயில்வே ஸ்டிரைக் நேரம். மின்சார ரயில் எப்போது வரும், வருமா என்று யாருக்கும் தெரியாது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் போக வேண்டிய ஜனம் மூட்டையும் பிள்ளையுமாகக் காரைப் பார்த்தால் கை நீட்டியது. சும்மா நிற்கிற முதலாளி வண்டியையெல்லாம் டிரைவர்கள் ராத்திரியில் சவாரிக்கு ஓட்டினார்கள். டாக்ஸி ஸ்டாண்ட் பக்கீர் முகமது அயூப்பையும் இழுத்துப் பார்த்தான், இன்னா மச்சான், சாவி உன் பாக்கெட்லதானே கீது என்றான். அயூப் மசியவில்லை. மசியாதது மட்டுமா, வெள்ளிக்கிழமை ஐயாவிடம் போய் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தான். கேட்டுக்கொண்டு ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மிதித்துக்கொண்டு அவன் வந்து சேரும்போது மணி ஐந்தரை. முந்தின நாள் சாயங்காலம் கண்ணாடி மாதிரி துடைத்து நிறுத்திவிட்டுப் போன வண்டி, முகமெல்லாம் பூச்சி அப்பி நின்றது. கொஞ்ச நஞ்சமில்லை. வழியில் இருக்கிற ஏரிப் பூச்சி அத்தனையும் கூண்டோடு வந்து மோதியிருந்தது. பச்சைப் பூச்சி, வண்டு, ஈசல் ரெக்கை, கண்ணாடியில் மஞ்சளாகத் தெறித்த குழம்பு. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான், இன்னும் லேசாகச் சூடு இருந்தது. கதவைத் திறந்தால் கால்மிதியில் கடற்கரை மணல்.

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ஐயாவின் ஒரே மகன் எட்மண்டுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று ஐயா நினைத்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்லி வைத்திருந்தார். ஆனால் போன வருஷமே ஐயாவின் சம்சாரம் மெட்டில்டா அம்மா அயூப்பைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளை ஏங்குகிறான், ஐயாவுக்குத் தெரியாமல் கற்றுக்கொடு என்று கேட்டுக்கொண்டார். செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் கிளட்ச் எது, கியர் எது என்று சொல்லிக் கொடுத்தது சாட்சாத் அயூப்தான்.

அவன் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போதே அம்மா இறங்கி வந்தார். கையில் காப்பி. அதுவும் எந்த டம்ளரில்? வீட்டு டம்ளரில். அந்த வீட்டில் டிரைவருக்கென்று ஒரு எனாமல் குவளை உண்டு, பின்பக்கக் குழாயடியில் ஆணியில் தொங்கும். வேலைக்காரி தபீதாள் தூக்கித்தான் ஊற்றுவாள். குடித்துவிட்டு அவனே கழுவி மாட்ட வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் மாறியதில்லை. அன்றைக்கு அம்மாவே பளபளவென்று சில்வர் டம்ளரை நீட்டியதும் அயூப் ரெண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். அவன் முட்டாள்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது நிஜம்.

பிள்ளை சிநேகிதர்களோடு மகாபலிபுரம் போய்விட்டு இப்போதுதான் வந்து படுத்தான், ஐயாவுக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும் என்றார் அம்மா. சீக்கிரம் துடைத்துவிடச் சொன்னார். அயூப் மீட்டரை ஞாபகப்படுத்தினான்.

"மீட்டர நான் பாத்துக்கறேன். லெட்டர் விஷயமும் நான் இருக்கேன். நீயும் இந்த வீட்டுப் பிள்ளை மாதிரிதானே, அயூப்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? அவன் காப்பியைக் குடித்தான், டம்ளரைக் கழுவிக் குழாயடியில் கவிழ்த்தான். ரெண்டு நாள் பேப்பரை நனைத்து பானெட்டில் ஒட்டினான். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது, வெயில் வேப்பமரத்தைத் தாண்டி இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும். வழித்தான், அலசினான், மறுபடி வழித்தான். கிரில் இடுக்கில் சிக்கின வண்டைத் தென்னங்குச்சியால் குத்தி எடுத்தான். கால்மிதியை உதறினான், மணலைக்கூட விடவில்லை. ஏழு மணிக்கு வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. அன்றைக்கு அவன் செய்த வேலை, பதினோரு வருஷத்தில் செய்ததிலேயே சுத்தம்.

ஏழரைக்கு எல்லாரும் இறங்கி வந்தார்கள். ஐயா வெள்ளைச் சட்டை, அம்மா பட்டுச்சேலை, எட்மண்ட் தூக்கம் கலையாத முகத்தில் பவுடர். ஐயா பின்சீட்டில் உட்கார்ந்து, வழக்கம்போல் எட்டி மீட்டரைப் பார்த்தார். டைரியைப் புரட்டினார். மறுபடி மீட்டரைப் பார்த்தார். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

"நூத்திப் பதினாலு கிலோமீட்டர். வண்டி எங்க போச்சு, அயூப்?"

அயூப் அம்மாவைப் பார்த்தான். இதோ சொல்வார், இதோ சொல்வார் என்று பார்த்தான். அம்மா பாமாலைப் புத்தகத்தில் அன்றைய பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கம் அகப்படவில்லை போலிருக்கிறது, தேடிக்கொண்டே இருந்தார்.

இனிமேல் மூடி மறைத்துப் பிரயோசனமில்லை என்று அவன் உள்ளதைச் சொன்னான். காலையில் வரும்போதே வண்டி பூச்சியாக நின்றதைச் சொன்னான், தம்பி எடுத்துக்கொண்டு போனதைச் சொன்னான், அம்மாதான் துடைக்கச் சொன்னார் என்பதையும் சொன்னான். ஐயா மகனைத் திரும்பிப் பார்த்து உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது டாடி என்றான் எட்மண்ட். ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"தெரியும் ஐயா. நான்தான் கத்துக் குடுத்தேன்," என்றான் அயூப்.

அதுதான் அவன் செய்த தப்பு. என் வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாமல் அதுவும் செய்தாயா, இல்லை அதுவும் பொய்யா, ரெண்டில் எது என்று ஐயா கேட்டார். என்ன பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்கிற கேள்வி. ஐயா பெண்டாட்டியிடம் திரும்பினார். பீரோவில் இருக்கிற இன்னொரு சாவி அங்கேயே இருக்கிறதா, காலையில் வண்டியில் பூச்சி இருந்ததா என்று கேட்டார்.

அம்மா புத்தகத்தை மூடினார்.

"சாவி இருக்கு. பூச்சி எதுவும் நான் பாக்கல. நான் எழுந்து வர்றப்ப இவன் அவசர அவசரமா கழுவிக்கிட்டிருந்தான். ஞாயித்துக்கிழமை இவ்வளவு வெள்ளென வந்திருக்கானே, பாவம்னு காப்பிகூட குடுத்தேன்."

ஆஹா, எவ்வளவு அழகான சாட்சி! அதில் பாதி நிஜம்கூட. ஐயாவுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை இவனே வந்து சொன்னானே, ராத்திரி சவாரி ஓட்டினால் நல்ல காசு என்று. ஆழம் பார்த்திருக்கிறான். தப்பு செய்யாதவன் பூச்சி அப்பிய வண்டியை அப்படியே என்னிடம் காட்டியிருப்பான், இருட்டோடு இருட்டாக வந்து கழுவியிருக்க மாட்டான். அயூப் வெயில் ஏறுவதற்குள் துடைக்க வேண்டும் என்று ஏதோ சொல்லப் போனான். யார் காதில் விழும்?

ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. வெளியே தெரிந்து வண்டி ஓட்டுகிறவன் அயூப் ஒருவன்தானே? திருட்டுப் பட்டம் கட்டின கையோடு அவனையே ஓட்டச் சொன்னார்கள். அவனும் ஓட்டினான். எட்மண்ட் முன்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். கியர் மாற்றுகிறபோதெல்லாம் அந்தப் பையனின் முழங்கால் அயூப்பின் கையில் இடித்தது, பையன் காலை நகர்த்திக்கொண்டான்.

அன்றைக்குத் திருவிருந்து. உள்ளே எல்லாரும் மண்டி போட்டு ஒரே பாத்திரத்தில் குடிப்பார்கள் என்று தபீதாள் எப்போதோ சொல்லியிருந்தாள். அயூப் வெளியே வண்டி நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு நப்பாசையும் இருந்தது, கடவுள் சன்னதியில் அந்த அம்மாவுக்கு மனசு உறுத்தும், வெளியே வந்ததும் சொல்லிவிடுவார் என்று. பாட்டு முடிந்தது, மணி அடித்தது. அம்மா வெளியே வந்து நாலு பேரிடம் சிரித்துப் பேசிவிட்டு ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஐயா சாவியை வாங்கிக்கொண்டார். மேஜைமேல் பேப்பர்வெயிட் வைத்த லெட்டர் அப்படியே இருந்தது. பதினோரு வருஷத்தை நினைத்து போலீசுக்குப் போகவில்லை, அது என் தயவு என்றார். லெட்டரை எடுத்து நாலாக மடித்துக் கிழித்தார்.

"கர்த்தருக்கு முன்னால நான் பொய்ச் சாட்சி எழுத முடியாது, அயூப்."

அம்மா உள்ளே பட்டுச்சேலையை மாற்றிக்கொண்டிருந்தார். வளையல் சத்தம் கேட்டது.

அயூப் சைக்கிளை எடுக்கப் பின்பக்கம் போனான். செவ்வாய்க்கிழமைக்குக் குல்ஷன் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள், அவளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தெரியவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று குழாயடிக்குப் போனான். ஆணியில் அவனுடைய எனாமல் குவளை தொங்கியது. அதற்குக் கீழே கல்லின்மேல், காலையில் அவன் கழுவிக் கவிழ்த்த சில்வர் டம்ளர் அப்படியே இருந்தது. தபீதாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், அந்த டம்ளரைத் தொடவில்லை. வீட்டு டம்ளரை உள்ளே எடுத்துக்கொண்டு போகவில்லையா என்று அவன் கேட்டான்.

தபீதாள் தலையைத் தூக்காமல் சொன்னாள். "அம்மா வேணான்னுட்டாங்க பாய். இனிமே அது உள்ள வரக் கூடாதாம். உங்க குவளையோட வெளியவே கெடக்கட்டும்னாங்க."

"எப்போ சொன்னாங்க? சர்ச்சுலேந்து வந்தா?"

"இல்ல பாய். காலையிலயே. நீங்க பேப்பர் ஒட்டிக்கினு இருந்தீங்களே, அப்பவே."

அயூப் அந்த டம்ளரைப் பார்த்தான். அப்புறம் குனிந்து எடுத்தான், குழாயைத் திறந்து நிறையப் பிடித்தான், வாய் வைத்துக் குடித்தான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கழுவாமல், கவிழ்க்காமல், எச்சிலோடு கல்லின்மேல் வைத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.