வீட்டுக்காரர் இரிக்காரா?

மேடையில் நான் சொன்ன வார்த்தையை எங்கள் ஊர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

தொண்ணூற்று நாலாம் ஆண்டுத் தேர்தல். சாய்ந்தமருதில் எங்கள் கட்சிக்கு நான்தான் கொடிமரம். கல்முனையில் இருந்த என் புடவைக்கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு நோட்டீஸ் ஒட்டித் திரிந்தேன். தொண்ணூறில் நடந்த கொலைகளில் செத்தவர்களின் அத்தனை ஜனாஸாக்களைத் தோளில் தூக்கிய பிறகு, நமக்கென்று பேச ஒரு கட்சி இல்லாவிட்டால் நாதியற்றுப் போவோம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை இப்போதும் தப்பென்று சொல்லமாட்டேன். தப்பெல்லாம் என் வாயில்தான் இருந்தது.

அந்த முறை கச்சிமுகம்மது மாஸ்டர் சுயேட்சையாக நின்றார். பென்ஷன் எடுத்த வாத்தியார். ஒரு பழைய சைக்கிளும் ஒரு கட்டு நோட்டீசும்தான் அவருடைய பட்டாளம். தனியாள் ஊர்வலம் என்று நாங்கள் பகிடி பண்ணினோம். ஒருநாள் நான் கடையில் இருந்த நேரம் அவர் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். பகல் சோறு போடும்போது என் மனைவி றம்ஸியா அதைச் சொன்னாள்.

"நான் இல்லையெண்டு சென்னியா?" என்றேன்.

"அவர் உங்களைத் தேடி வரல்ல. ஓட்டுக் கேக்க வாற எல்லாரும் வெளிவாசல் கடப்படியில நிண்டு 'வீட்டுக்காரர் இரிக்காரா?' எண்டுதான் கேப்பாங்க. இவர் கதிரையில இருந்து, 'நீங்க என்ன நினைக்கிறீங்க மகள்?' எண்டு என்னைக் கேட்டார். கிணத்துத் தண்ணி உப்பாப் போறதைச் சென்னன். நம்மட மகள் றுஸ்னாட பள்ளிக்கூடத்துல சயன்ஸ் படிப்பிக்க ஆளில்லாததைச் சென்னன். எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போறார்."

"அப்ப உன்ட ஓட்டு அவருக்குத்தான்!"

அவள் சிரித்தாள். "மனம் அங்கதான் இரிக்கி. ஆனா உங்கட முகத்துக்காக உங்கட சின்னத்துக்கே போடுறன். இருவது வருஷமா வேற என்னத்தைச் செஞ்சன்?"

அந்தச் சிரிப்போடு நான் விட்டிருக்க வேண்டும். முடியவில்லை. 'மனம் அங்கதான்' என்றது மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றது. ஊரையே கட்டிக் காக்கிறவன் வீட்டில் ஒரு மனம் கட்சிக்கு வெளியே நிற்பதா!

கடைசிக் கூட்டம் அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தியில் நடந்தது. நான் பேசுவதை அவள் கேட்கட்டும் என்று ஒரு ஒலிபெருக்கியை எங்கள் வேலியோரத் தென்னையில், வீட்டைப் பார்த்தபடி, நானே நின்று கட்டுவித்தேன். மைக்கைப் பிடித்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

"சில வீடுகளில ஓட்டு மாறுமாம். என்ட வீட்டுல மாறாது! என்ட பொண்டாட்டி கட்சியை விட்டு மாத்திப் போட்டா, அவக்கு மூணு தலாக்!"

கூட்டம் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்கியது. யாரோ ஓடிவந்து மாலை போட்டார்கள். வீட்டுக்குப் போனேன். றம்ஸியா தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

தேர்தலன்று பகல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவள், அபாயாவைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"நான் மாஸ்டருக்குத்தான் போட்டன்."

"சந்தியில நான் சென்னது உனக்குக் கேக்கல்லயா?"

"கேட்டிச்சு. றுஸ்னாவுக்கும் கேட்டிச்சு. தென்னையிலதானே கட்டி வெச்சிருந்தீங்க." அவள் குரல் உடைந்தது. "உங்கட முகத்துக்காகப் போட இருந்த ஓட்டு அது. ஊருக்கு முன்னால என்னைப் பந்தயம் வெச்ச பொறகு எந்த முகத்துக்காகப் போடுற? அப்பயும் உங்கட சின்னத்துக்குத்தான் எண்டு போனன். பென்சிலை எடுத்தா கை போகல்ல."

"றம்ஸியா, ஒருத்தருக்கும் தெரியாது. மாத்திப் போடல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நான் நம்புறன்."

"ஊருக்குப் பொய் சொல்லலாம். அல்லாஹ்வுக்குத் தெரிய உங்களோட எப்படிக் குடும்பம் நடத்துற?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

மௌலவியிடம் ஓடினேன். அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "நீங்க சென்னது அவக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரியாம இருந்திருந்தா வழி இருந்திருக்கும். இப்ப தலாக் விழுந்திட்டு" என்றார் மெதுவாக. அந்தத் தென்னையை வெட்டிச் சாய்க்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் அங்கே குடிபோவான். தலாக் என்றால் வெளியே போக வேண்டியவனும் அவன்தான். என் உம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போய்விட்டது. இடுப்பில் கட்ட நாலு சாரனைப் பையில் போட்டுக்கொண்டு நான் போன இடம் கட்சி ஒபீஸ். மறுநாள் நாங்கள் வென்றோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். ஏன் வீட்டை விட்டு வந்தாய் என்று கேட்டவர்களிடம் குடும்பச் சண்டை என்றேன். ஓட்டு மாறியதென்று சொன்னால் கட்சிக்கு வெட்கம் என்று அப்போதும் நினைத்தேனே, அதை நினைத்தால்தான் நெஞ்சு வெடிக்கிறது.

அடுத்த தேர்தல் வந்தது. புது வேட்பாளரோடு வீடு வீடாகப் போனோம். அந்தத் தெரு வந்ததும் நான் பின்தங்கினேன். அவருக்கு எதுவும் தெரியாது. கடப்படியில் நின்று கூப்பிட்டார்.

"வீட்டுக்காரர் இரிக்காரா?"

றம்ஸியா வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள்.

"இல்ல. என்ன கதைக்கிறெண்டாலும் எனக்கிட்டக் கதைங்க."

அப்போதுதான் எல்லாருக்கும் பின்னால் நோட்டீஸ் கட்டோடு நின்ற என்னைக் கண்டாள். ஒரு கணம் பார்த்தாள். பிறகு, அந்நிய ஆண்களுக்கு முன்னால் செய்வதுபோல, முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.