திறந்த வீடு

போன வருஷம்வரை நெல் விளைந்த இடம். இப்போது ஒரே அச்சில் வார்த்த வீடுகள், வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ்: ‘திறந்த வீடு! ஞாயிறு முழுவதும் சுற்றிப் பார்க்கலாம். அனைவரும் வருக.’

அந்த ‘அனைவரும்’ என்பதை நம்பித்தான் அம்மாவைக் கூட்டிப்போனேன். எங்கள் தெருவில் மழை பெய்தால் சாக்கடை கக்கூஸ் வழியாக எதிர்த்து வீட்டுக்குள் ஏறும். குனிந்து குனிந்து அதை வாரிக் கொட்டியே அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. எனக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, பேங்கில் லோனும் தருகிறோம் என்றுவிட்டார்கள். அடுத்த மழைக்குள் அவளை அங்கிருந்து கிளப்பியாக வேண்டும்.

வீட்டைக் காட்டியவன் பெயர் வேதகிரி. பாதாம் பாலைக் கையில் திணித்துவிட்டு இளித்தான்.

“எந்த ஊரு மேடம்?”

சொன்னேன்.

“ஊர்ல எந்தத் தெரு?”

காலேஜ் ஹாஸ்டலிலும் இதையேதான் கேட்டார்கள். கம்பெனி கேன்டீனிலும் கேட்கிறார்கள். சாதியை நேராகக் கேட்க வெட்கப்படும் ஜென்மங்கள் தெருவைக் கேட்கும்.

“குறிஞ்சித் தெரு” என்றேன். பொய்யில்லை. ‘காலனி’ என்றிருந்த போர்டைக் கழற்றிவிட்டு அந்தப் பெயரைத்தான் மாட்டியிருக்கிறார்கள். பெயர்தான் மாறியது, சாக்கடை மாறவில்லை.

“குறிஞ்சியா? பேரு புதுசா கீதே. பெருமாள் கோயிலாண்ட வருதா?” அவனே கேட்டு அவனே தலையாட்டிக்கொண்டான். “அப்ப நம்ம ஆளுங்கதான்!”

பாலை ஒரு மடக்கு விழுங்கினேன். வாயைத் திறந்தேன். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள்.

அவள் நேராகப் போய்ப் பார்த்தது கக்கூஸைத்தான். நாற்காலி மாதிரி உட்காருவது. மூடியைக் கவிழ்த்து, கொசுவத்தை ஒதுக்கி, உட்கார்ந்து எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

“முட்டி நோவவேல்லடி கீர்த்தி!”

நான் டிகிரி வாங்கிய அன்றுகூட அந்த முகம் அப்படி மலரவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

சமையலறையில் பிளாஸ்டிக் திராட்சைக்குலை, ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் பூசி மறைத்த ஓதம். எல்லாவற்றையும் காட்டிவிட்டு, பூஜை அறைக்குள் அம்மாவை நிற்கவைத்து, வேதகிரி குரலைத் தாழ்த்தினான்.

“தண்ணி, கேமரா எல்லாம் அப்பறம்மா. மெயின் மேட்டர் இன்னா தெரியுமா? இங்க அந்த மாதிரி ஆளுங்க ஒருத்தங்கூட கெடயாது. நாங்க குடுக்கறதில்ல.”

அம்மா கொசுவத்தை இழுத்துச் செருகினாள்.

“போன வாரம் ஒரு குடும்பம். தொறந்த வூட்ல நாய் பூந்த மாதிரி நேரா இந்த ரூமு வரைக்கும் வந்துட்டாங்க. அவங்க போனதும் பினாயில் ஊத்திக் கழுவவெச்சேன். இப்ப அதுங்களும் படிச்சிட்டு வேலைக்குப் போய்க்கினு வூடு கேக்குதுங்கம்மா. நமக்கு மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சிடும்ல!”

நான் டம்ளரைத் தரையில் வைத்தேன். ஆனால் அம்மா முந்திக்கொண்டாள்.

“நைனா, அந்தப் பினாயிலு மிச்சம் கீதா?”

“எதுக்கும்மா?”

“நாங்க போனப்பறம் கழுவணும்ல? குறிஞ்சித் தெருன்னு எம்பொண்ணு சொன்னாளே, அதுதான் எங்க காலனி. எம்மூஞ்ச இன்னொருக்கா நல்லாப் பாத்துக்க நைனா. அடுத்த வாட்டி ஏமாந்துடாத.”

அவன் வாயிலிருந்து வந்ததென்னவோ வியாபாரம்தான்: “இந்த வூடு... ஏற்கெனவே புக் ஆய்ட்ச்சிம்மா.”

“ஆவட்டும்” என்றாள். போகிற போக்கில் கக்கூஸுக்குள் நுழைந்து, மூடியைத் தூக்கி, நிஜமாகவே ஒன்றுக்குப் போய்விட்டு, தண்ணீர் ஊற்றாமல் வந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். மேற்கே மழை கறுத்துக்கொண்டிருந்தது.

“உக்கார நல்லாத்தான் இருந்திச்சி” என்றாள்.

நாக்கில் இன்னும் அந்தப் பாதாம் பாலின் தித்திப்பு. ரோட்டோரம் காறித் துப்பினேன்.