ஓலையில் ஏறிய சர்ட்டிபிகட்

கபிரியேல் பாய்லருக்குப் பயந்தவனல்ல, மதலேனம்மாளுக்குத்தான் பயந்தவன். இடுக்கி மலையில் ஒரு தேயிலை பாக்டரியில் பாய்லருக்கு விறகு தள்ளுகிறவன் அவன். அதே பாக்டரியில் தூள் சலிக்கும் மதலேனம்மாள், மகள் சிசிலியை அவனுக்குத் தர ஒரே நிபந்தனை வைத்திருந்தாள்: சர்க்கார் பரீட்சையில் தேறி, பாய்லர் ஓட்டும் சர்ட்டிபிகட் வாங்க வேண்டும்.

பரீட்சை திங்கட்கிழமை. மருமகன்மேல் அவளுக்கிருந்த நம்பிக்கையோ திங்கள்வரை பொறுக்கவில்லை. ஞாயிறு பூசையிலேயே, கல்யாணத்தை ஊரறியச் சொல்லும் ஓலையை வாசிக்க ஏற்பாடு செய்து, மாப்பிள்ளையின் பெருமையையும் பங்குச் சாமியார் காதில் போட்டுவைத்தாள்.

"சர்க்கார் சர்ட்டிபிகட் பெற்ற பாய்லர்காரர் கபிரியேலுக்கும், மதலேனம்மாள் மகள் சிசிலிக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது," என்று சாமியார் வாசித்தார். "தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

அந்தக் கோயிலில் இதற்கு யாரும் வாய் திறந்ததாகச் சரித்திரமில்லை. அன்று முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். கோட்டயத்திலிருந்து முந்தின நாள்தான் மலையேறி வந்த பாய்லர் இன்ஸ்பெக்டர். கத்தோலிக்கர், கடமை தவறாதவர்.

"தடஸ்ஸம் உண்டு ஃபாதர். அவனுக்குச் சர்ட்டிபிகட் இல்லை. நாளைக்குத்தான் ஞான் அவனைப் பரீட்சிக்கிறது."

பெண்கள் பக்கமிருந்து வந்த ஒரு பார்வையில் கபிரியேலுக்கு வியர்த்துக் கொட்டியது. பாய்லர் வாயில் நின்றுகூட அப்படி வியர்த்ததில்லை.

ஒரு கல்யாணத்துக்குக் குறுக்கே விழுந்துவிட்ட உறுத்தல் இன்ஸ்பெக்டருக்கும் இருந்தது. மறுநாள், விறகு தள்ளுகிற எவனுக்கும் தெரிந்த கேள்வியாகப் பார்த்துக் கேட்டார். "கண்ணாடிக் குழாயில் தண்ணி காணவில்லை. பாய்லர் வறண்டு காயுது. எந்து செய்யும்?"

அடுப்பிலிருந்து நெருப்பை வெளியே இழுத்துப்போட வேண்டும். கபிரியேல் தூக்கத்திலும் அதைச் செய்வான். ஆனால் பாய்லர் அறை வாசலில் மதலேனம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"தண்ணி விடுவேன் சார்."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் திறந்தார். "இன்னொரு தரம் ஆலோசிச்சுச் சொல்லு."

கபிரியேல் ஆலோசித்தான். "நிறைய விடுவேன் சார்."

"காஞ்ச இரும்பில் பச்சைத் தண்ணி விட்டால் வெடிக்கும்! நீயும் ஞானும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணாமலே போய்ச்சேருவோம். ஆறு மாசம் கழிச்சு வா."

மதலேனம்மாள் நேரே சாமியார் வீட்டுக்கு நடந்தாள். பின்னால் சிசிலி. அவளுக்கும் பின்னால், கழுவிலேறப் போகிறவன் மாதிரி கபிரியேல்.

"ஓலைய நிறுத்துங்க சாமி. மூளையில்லாதவனுக்கு நான் பிள்ளையத் தர மாட்டேன்."

"அவனுக்கு வேறே பெண்டாட்டி இருக்காளா? ரத்தச் சொந்தமா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்போ தடையில்லை. பாய்லரைப் பத்தித் திருச்சபைச் சட்டத்துல ஒரு வரியும் கிடையாது."

"பெத்தவ நான் சொல்லுதேன்லா!"

சிசிலி முன்னால் வந்தாள். "எம்மா, பாய்லர் முன்னாடி இவுக ஒழுங்காத்தான் நிக்காக. ஒன் முன்னாடி நின்னாத்தான் புத்தி பொகையாப் போவுது. எனக்கு இவுகளத்தான் கட்டணும். அடுத்த பரீட்சைக்கு நீ வீட்டுல இரு."

மதலேனம்மாளின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியதைக் கபிரியேல் அன்றுதான் பார்த்தான். அப்போது சிரிக்கக் கூடாது என்கிற அளவுக்கு அவனுக்கும் மூளை இருந்தது.

அடுத்த ஞாயிறு, "பாய்லருக்கு விறகு தள்ளும் கபிரியேலுக்கும்" என்று சாமியார் திருத்தி வாசித்தார். தடையைப் பற்றிக் கேட்டதும் மதலேனம்மாள் எழுந்து, திரும்பி நின்று, கோயில் முழுவதையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினாள். கபிரியேலின் பக்கத்திலிருந்த கூட்டாளி சுவக்கீனுக்குப் பாவம், இருமல் வந்துவிட்டது. அது தடையாகிவிடக் கூடாதே என்று தோள்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அடக்கினான்.