முதல் பேஸ் பக்கத்து மூன்று இருக்கைகள்

ரீவியில் ஏழாவது இன்னிங்ஸில் நெட்டையன் மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து நின்ற நேரம் பார்த்துத்தான் புனிதவதி விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, வாற மாசம் முதல் ஞாயிறு மட்ச். மத்தியானம் ஒண்டரைக்கு. நீங்கள், நான், இவர், மூண்டு பேரும் நேரை போய்ப் பாக்கிறம். மகள் நிரூபாவிட்டை ரிக்கற் போடச் சொல்லியிட்டன்."

சோபாவின் கைப்பிடியில் கிடந்த கைபேசியிலிருந்து சத்தமே வரவில்லை. நெட்டையன் ஒரு பந்தை விட்டான். இன்னொன்றையும் விட்டான். லைன் அறுந்துவிட்டதோ என்று புனிதவதி கைபேசியை எடுத்துப் பார்த்தாள். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"பாப்பம் புனிதம்," என்றது பேர்ணடெற்றின் குரல். "இப்ப என்ன நடக்குது? அதைச் சொல்லும்."

புனிதவதிக்கு பேஸ்போல் வந்து சேர்ந்தது முறிந்த கணுக்காலால். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஏப்ரல் காலையில், அவள் பாண் அடுக்கும் பேக்கரியின் கார் தரிப்பிடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் அவளை விழுத்தியது. கோடை முழுக்க பிக்கரிங் வீட்டுச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தாள். கணவர் பொன்னம்பலம் கிரிக்கெட் பார்ப்பதற்கென்று எடுத்து வைத்திருந்த சானலில் அனேகமாக ஒவ்வொரு நாளும் ஊர் பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸ் விளையாடியது. முதல் கிழமை ஒன்றும் விளங்கவில்லை. ஒருவன் எறிகிறான், ஒருவன் நிற்கிறான், எல்லோரும் துப்புகிறார்கள். இரண்டாவது கிழமை, எறிபவனும் அடிப்பவனும் ஒருவரை ஒருவர் அளந்துகொண்டிருக்கிறார்கள் என்பது பிடிபட்டது. சபையில் வைத்துச் சொல்லமுடியாததைக் கண்ணால் சொல்லிக்கொள்ளும் இரண்டு சம்பந்திகளைப் போல இருந்தது அது. அதற்குப் பிறகு அவளால் எழும்ப முடியவில்லை, கால் சுகமான பிறகும். ஆட்டக்காரர்களின் பெயர்கள் வாய்க்குள் நுழையாததால் அவளே வேறு பெயர்கள் வைத்தாள். நெட்டையன், தாடிக்காரன், சுவிங்கம், மாப்பிள்ளை.

அடுத்த வருடம் தமிழ் வானொலியில் ஒரு காலை நிகழ்ச்சி. கோடையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். தக்காளி நடுகிறோம், நயாகராவுக்குப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல, புனிதவதி அழைத்து, பேஸ்போல் பார்க்கிறேன் என்றாள். அறிவிப்பாளர் சிரித்துவிட்டார். அடுத்து வந்த அழைப்பு மோர்னிங்சைட்டிலிருந்து. "இப்ப கதைச்ச பிள்ளையின்ரை நம்பரைத் தரேலுமோ?" அதுதான் பேர்ணடெற். கணவரை இழந்தவர், பாசையூர்க்காரி, புனிதவதியை விட ஐந்து வயது மூப்பு. அன்றிலிருந்து இரண்டு வருடங்களாக ஒவ்வொரு ஆட்டத்தையும் இருவரும் தொலைபேசியில் சேர்ந்தே பார்த்தார்கள். புனிதவதி சொல்வாள், பேர்ணடெற் கேட்பார், ஏசுவார், சிரிப்பார். காரில் போனால் இருபது நிமிடத் தூரம். ஒருநாளும் நேரில் கண்டதில்லை.

புனிதவதி சொன்ன அந்த ஞாயிறு பேர்ணடெற்றுக்குத் தேவாலயத்தில் திருநாளாம். சரி, அடுத்த கிழமை? மருமகள் வருகிறாளாம். அதற்கடுத்தது? முழங்கால் நோவாம். நான்காவது தரம் கேட்டபோது, "உமக்கேன் இந்தக் கரைச்சல், வீட்டிலை இருந்து நல்லாத்தானே பாக்கிறம்," என்றார்.

புனிதவதிக்குச் சுருக்கென்றது. குரலுக்கு மட்டும்தான் நான் வேண்டும்போல, ஆளுக்கு வேண்டாம்போல என்று நினைத்தாள். அடுத்த மூன்று ஆட்டங்களுக்கும் அவள் அழைக்கவில்லை. அங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. தாடிக்காரன் ஓடிப்போய்ச் சுவரோடு மோதி ஒரு பந்தைப் பிடித்தான். "அக்கா, பிடிச்சிட்டான்!" என்று கத்திவிட்டுத்தான் கைபேசி சமையலறையில் கிடப்பது அவளுக்கு நினைவு வந்தது.

"நானும் மனுசன்தானே, எனக்குச் சொல்லன்," என்றார் பக்கத்தில் கடலை தின்றுகொண்டிருந்த பொன்னம்பலம்.

"உங்களுக்கு என்ன விளங்கும்."

"இரண்டு வருசமாக் காதுக்கை விழுந்துகொண்டு இருக்கு. விளங்காமல் என்ன?"

நான்காம் நாள் ஆட்டம் தொடங்கும்போது கைபேசி அடித்தது.

"புனிதம், ஒண்டு சொல்லுறன், ஏசக்கூடாது," என்றார் பேர்ணடெற். "என்ரை வீட்டிலை ரீவி இல்லை."

புனிதவதி ரீவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"நீரிழிவு கண்ணுக்குப் போயிட்டுது. உம்மோடை கதைக்கத் தொடங்கேக்கையே பாதி போயிட்டுது. நடுவிலை ஒரு கறுப்புப் பொட்டு. சுத்திவர எல்லாம் மங்கலாத் தெரியும், நான் ஆரைப் பாக்கிறனோ அந்த ஆள் மட்டும் இல்லாமல் போயிடும். பிறகென்னத்துக்கு எண்டு ரீவியை மருமகளிட்டைக் குடுத்திட்டன். றேடியோவிலை இங்கிலிசிலை சொல்லுறவன் என்னை விட்டிட்டு ஓடியிடுவான். நீர் சொல்லேக்கைதான் எனக்குப் பந்து தெரியும்."

"அப்ப ஏனக்கா சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் எனக்காகச் சொல்லத் தொடங்கியிடுவீர். இப்ப உம்மடை பாட்டுக்குச் சொல்லுறீர். மைதானத்துக்கு வந்தாலும் அதுதான். நீர் முதல்முதலாப் போறீர். சும்மா இருந்து ஆசையாப் பாக்கவேணும். பக்கத்திலை இருந்து 'என்ன நடக்குது, என்ன நடக்குது' எண்டு அரிச்சால் உமக்கு அது பொழுதுபோக்கே? வேலையெல்லே."

புனிதவதிக்கு அழுகை வரப்பார்த்தது. ஆனால் அழுதால் அக்காவுக்குக் கேட்டுவிடும். இப்போது அழுவது அவர் பயந்ததையே செய்வதாகிவிடும்.

"அக்கா, இரண்டு வருசமா வாய் மூடாமல் கதைக்கிறன். இவர் நிப்பாட்டச் சொன்னாலும் நிப்பாட்டத் தெரியாது. மைதானத்துக்குப் போய் வாயை மூடிக்கொண்டு இருந்தால் எனக்கு வருத்தம் வந்திடும்," என்றாள். பிறகு, "ஆனால் அந்தச் சீற் சரிவராது. மேல்தட்டு. கீழை எடுப்பம். மட்டையிலை பந்து படுற சத்தம் கேக்கவேணும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வெயில் விழுற பக்கமா எடும்," என்றார் பேர்ணடெற்.

விட்பியிலிருந்த மகளைத் தொலைபேசியில் பிடித்தாள் புனிதவதி. "அம்மா, முதல் எடுத்ததே நல்ல வியூ! ஏன் சேஞ்ச் பண்ணுறீங்கள்?" என்றாள் நிரூபா. "வியூ வேண்டாம். முதல் பேஸ் பக்கம், கீழ்த்தட்டு, படியோரம். பின்னேர வெயில் அங்கைதான் விழும். ரீவியிலை நிழல் போற பக்கத்தை நான் பாத்து வைச்சிருக்கிறன்," என்றாள் தாய். நிரூபா விசைப்பலகையில் தட்டுவதை நிறுத்தினாள். "நீங்கள் ரியலா இதைப் பாக்கிறனீங்களா அம்மா? நான் சும்மா ரீவி ஓடுது எண்டெல்லே நினைச்சன்."

அதோடு நிற்கவில்லை. வேலை இல்லாத ஒரு புதன்கிழமை பொன்னம்பலத்தையும் இழுத்துக்கொண்டு ரயிலேறினாள். யூனியன் நிலையத்தில் இறங்கி, மைதானம்வரை எந்தப் பக்கம் லிஃப்ட், எங்கே நகரும் படி, எங்கே நிலம் சரிகிறது என்று பார்த்து நடந்தாள். அக்காவைப் போல நடந்து பார்க்கிறேன் என்று ஓரிடத்தில் கண்ணை மூட, பொன்னம்பலம் பதறிப்போய்க் கையைப் பிடித்தார். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் தெருவில் வைத்து அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல்தரம். கண்ணைத் திறந்த பிறகும் அவர் விடவில்லை, அவளும் எடுக்கவில்லை.

"எங்கடை கலியாணத்துக்குக்கூட இப்பிடி ஒத்திகை பாக்கேல்லை," என்றார்.

ஞாயிறு காலை மழை. பொன்னம்பலம் ஐந்து மணிக்கே எழும்பி மீன் றோல் பொரித்தார். வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம் என்று நிரூபாவிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தியிருந்தார். மோர்னிங்சைட்டில் மாடிக் கட்டடத்தின் வாசலில், நீலத் தொப்பியும் நீலச் சட்டையும் போட்டு, கையில் மடித்த வெள்ளைத் தடியோடு ஒருவர் நின்றார். கார் கதவைத் திறந்துகொண்டு ஓடிய புனிதவதி, அவருக்கு முன்னால் போனதும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டாள்.

பேர்ணடெற் முகத்தைத் திருப்பி, பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியைப் பார்த்தார். "கோவியாதையும். உம்மைப் பாக்கவேணுமெண்டால் நான் அங்காலை பாக்கவேணும்." கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "குரலைக் கேட்டு நல்ல உயரமான ஆள் எண்டு நினைச்சன். கட்டையாய்த்தான் இருக்கிறீர்."

புனிதவதி சிரித்த சிரிப்பில் காருக்குள்ளிருந்த பொன்னம்பலமும் சிரித்துவிட்டார்.

ரயிலேறிப் போய்ச் சேர்ந்தபோது, மழையால் மைதானத்தின் கூரையை மூடியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் புனிதவதி படியிலேயே நின்றாள். ரீவியில் உள்ளங்கையளவு இருந்த பச்சை இப்போது ஒரு ஊரளவு கிடந்தது. முதலிரண்டு இன்னிங்ஸும் பக்கத்திலிருப்பவர்களுக்குக் கூச்சப்பட்டு, அக்காவின் காதோடு குசுகுசுத்தாள். மூன்றாவதில் மாப்பிள்ளை மட்டையை வீசினான். ரீவியில் ஒருநாளும் வராத ஒரு சத்தம், காய்ந்த விறகு பிளந்ததுபோல. பேர்ணடெற் அவளுடைய தொடையில் அடித்தார். "கேட்டனான்! எங்கை போகுது?" அதற்குப் பிறகு புனிதவதிக்குக் கூச்சம் நினைவில்லை. எறிகிறான், விட்டான், மூக்கைச் சொறிகிறான், இரண்டாவது பேஸில் நிற்கிறவன் அடுத்த பேஸுக்குக் களவாய் ஓடப் பார்க்கிறான் என்று குரல் ஏறிக்கொண்டே போனது.

பின் இருக்கையிலிருந்து ஒரு கை அவளுடைய தோளைத் தொட்டது. சத்தம் போடுகிறேன் என்று சொல்லப்போகிறார்கள் என நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு இளம் தம்பதி.

"ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க," என்றாள் அந்தப் பெண். "நான் தீப்தி, இவர் தியாகு. கோயம்புத்தூர். ஆஃபீஸ்ல டிக்கெட் குடுத்தாங்க, ஆனா எங்களுக்கு ஒண்ணுமே புரியல. கொஞ்சம் சத்தமா சொல்றீங்களா?"

"சொல்லுங்கோ, சொல்லுங்கோ," என்று பொன்னம்பலம் அவர்களுக்கு றோல் நீட்டினார். "ஆனால் ஒண்டு. உந்த அம்பயர் கள்ளன். அதையும் சேர்த்துச் சொல்லன் புனிதம்."

ஆறாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருந்தபோது மேலே எங்கோ தூரத்து ரயில் போல ஒரு உறுமல் கேட்டது. சனம் ஆரவாரித்தது. ஒருவரும் அடிக்கவில்லை, ஒருவரும் ஓடவில்லை.

"என்ன, என்ன நடக்குது?" என்றார் பேர்ணடெற்.

புனிதவதி அண்ணாந்து பார்த்தாள். "கூரையைத் திறக்கிறாங்கள் அக்கா. மழை விட்டிட்டுது. நீலமா ஒரு கோடு தெரியுது. கோடில்லை, இப்ப ஒரு பாயளவு. வெயில் புல்லிலை விழுந்திட்டுது. நடுவிலை நிக்கிறவன் கண்ணைப் பொத்துறான்."

"எங்கடை பக்கம் வருதோ?"

"வருது. எறியிறவனைத் தாண்டியிட்டுது. முதல் பேஸிலை நிக்கிறவன்ரை சப்பாத்திலை ஏறுது."

"ஓடுதோ?"

"இல்லை, நடக்குது. ஆறுதலா, பெரிய மனுசர் நடக்கிறமாதிரி." பின்னால் தியாகுவும் தீப்தியும் ஆட்டத்தை விட்டுவிட்டு எழும்பி நின்றார்கள். "இப்ப வேலியிலை. முதல் வரிசையிலை ஒரு மொட்டைத்தலை பளிச்செண்டு போச்சு. ரெண்டாம் வரிசை. மூண்டாம் வரிசையிலை ஒரு குழந்தை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்குது..."

பேர்ணடெற் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். இரண்டு கைகளையும் முழங்காலுக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, வெயில் வரிசை வரிசையாக ஏறி வருவதைக் கேட்டபடி இருந்தார்.