பெரிய நிகோபாரில் ஒரு கிளிக்குஞ்சு

நஜீபா வலது கையில் மாவுக்கட்டோடு திருமலைராயன்பட்டினத்து வீட்டுக்கு வந்தபோது அவளுடைய உம்மா ஆஸியா பீவி முதலில் அழுதாள், பிறகு திட்டினாள்.

"கிளி பாக்கவா ஒன்னைய இவ்வளவு படிக்க வச்சோம்?"

"பாறை வழுக்கிடுச்சு உம்மா. கிளி என்ன பண்ணும்?"

நஜீபா பெரிய நிகோபார் தீவில் கிளிகளை ஆராய்பவள். அவள் தேடிப்போன இனம் அந்தத் தீவையும் பக்கத்துச் சிறு தீவுகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. இரண்டு வருடம் காட்டில் அலைந்து ஒரு கூட்டைக் கண்டுபிடித்திருந்தாள். குஞ்சு பறக்கிற நேரம் நெருங்கிவிட்டது. கட்டோடு திரும்பப் போகிறேன் என்றாள்.

"ஒத்தக் கையோட தனியாவா?"

"அப்ப நீங்களும் வாங்க."

கோபத்தில்தான் ஆஸியா பீவி கிளம்பினாள். கப்பலில் வழியெல்லாம் வாந்தி. காட்டில் அட்டை. ஆனால் தொலைநோக்கிக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க மனமில்லை. சாம்பல் நிறத் தலை, கழுத்தில் கறுப்புப் பட்டை, சிவந்த அலகு. தாழம்பழச் சாறு வழிய ஆண்கிளி வந்து மரப்பொந்துக்குள் தலையை விட்டு ஊட்டியது.

"இதுக்குப் பக்கத்துல வச்சா நம்ம ஊருக் கிளி சிட்டுக்குருவிதான்!" என்றாள்.

ஒருநாள் காலை தாய்க்கிளி ஊட்ட வரவில்லை. எதிர்மரத்தில் உட்கார்ந்து, குஞ்சை வெளியே கூப்பிடுவதுபோலக் கத்திக்கொண்டே இருந்தது. குஞ்சு பொந்தின் விளிம்புக்கு வந்தது.

"நஜீபா! வெளில வருது!"

"கேமராவ அழுத்துங்க உம்மா, எனக்குக் கை எட்டல!"

குஞ்சு குதித்தது. கல் மாதிரி கீழே விழுந்தது. "யா அல்லாஹ்!" என்று ஆஸியா பீவி எழுந்தே விட்டாள். தரைக்குக் கொஞ்சம் மேலே இறக்கை விரிந்தது. தட்டுத்தடுமாறி எதிர்மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நஜீபா அழுதாள், சிரித்தாள். சேறும் அட்டைக்கடியுமாக நின்ற மகளை ஆஸியா பீவி புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் காரைக்காலில் ஒரு கல்யாணம். ஒரே சஹன் தட்டில் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, நஜீபா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டாள். ஆஸியா பீவி சோற்றை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் ஒரு முழத்துக்கு மேல் அகட்டிக் கிளியின் நீளத்தைக் காட்டினாள். பொந்து, தாழம்பழம், குஞ்சு குதித்தது எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பிரியாணி ஆறிவிட்டது.

"அது பேசுமா?" என்றாள் இன்னொருத்தி.

"நம்ம பேச்ச அது ஏன் பேசணும்? அதுக்குன்னு ஒரு பேச்சு இருக்கு. அது எம் மவளுக்குப் புரியும்."